நட்சத்திரக் குறியும் நாலாம் லைனும்

எங்கள் தேயிலை எஸ்டேட் அலுவலகக் கணினியில் பதினொரு வரிகள் கொண்ட ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. அதன் மூன்றாவது வரியில் இருப்பது இவ்வளவுதான்: line*. நான்கு எழுத்தும் ஒரு நட்சத்திரக் குறியும். அதை எழுதியவருக்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆகியிருக்காது. எழுதிய பிறகு ஒரு தடவைகூட அவர் அந்த வரியைத் திருத்தவில்லை என்பதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்று கோப்புகளைச் சேமிக்கும் மென்பொருளே குறித்து வைக்கிறது. அவருடைய அலட்சியத்துக்கு அவர் கொண்டுவந்த மென்பொருளே சாட்சி.

நான் இந்த எஸ்டேட்டில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். இருபத்தாறு வருடமாக இதே அலுவலகம், இதே ஜன்னல். காலை ஏழு மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு அன்றைய குறிப்புகளை எழுதுவேன். முதலில் மழை அளவு, பிறகு வராதவர்கள், மருந்து அடித்த மலை. திங்கட்கிழமைகளில் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. நாலாம் லைன் என்ற தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பின்னால் தரையில் விழுந்திருந்த வெடிப்பை அளப்பது.

நாலாம் லைனில் ஆறு கதவு, அதாவது ஆறு வீடு. ஐந்தில் நம் தமிழ்க் குடும்பங்கள், ஆறாவதில் நேப்பாளத்திலிருந்து வந்த நான்கு ஆண்கள். மொத்தம் இருபத்து மூன்று பேர். சமையலறைகளுக்குப் பின்னால் பன்னிரண்டு அடி சமதரை, அதற்கப்புறம் ஓடை வரைக்கும் செங்குத்தான சரிவு. அந்தச் சமதரையில்தான் ஒரு பெருமழைக்குப் பிறகு சுவருக்கு இணையாக வெடிப்பு விழுந்தது. நான் அதன் இரண்டு பக்கமும் எதிரெதிராக மூன்று ஜோடி இரும்பு முளை அடித்தேன். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் எஃகு அளவுகோலை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, அளவுகோல் தெரியும்படி படம் எடுப்பேன். நடு ஜோடி ஆரம்பத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. பதினான்கு மாதத்தில் நானூற்று முப்பத்தொன்று. யாரும் என்னை இதைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் ஒரு லைனில் இருக்கிறவர்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமானால் தலைமையகத்தின் படிவம் ஆறு மாதத்துக்குக் குறையாத படப் பதிவு கேட்கிறது. அது எனக்குத் தெரியும். வேண்டிய நாளில் ஓடித் தேடும் பழக்கம் எனக்கில்லை.

இனி அந்தக் கணினிக்காரர். ஈப்போவிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலையேறி வருவார். முப்பத்தெட்டு வயது. என்னை அங்கிள் என்று கூப்பிடுவார். எனக்கு ஐம்பத்திரண்டு. இதற்குமுன் பதினான்கு வயது வித்தியாசத்தில் எனக்கு அண்ணன் பிள்ளை யாரும் பிறந்ததில்லை. வரும்போதெல்லாம் வழியில் பிரிஞ்சாங் கடைத்தெருவில் நின்று ஸ்ட்ராபெரி வடிவத்தில் எதையாவது வாங்கிக்கொண்டுதான் வருவார். தொப்பி, சாவிக்கொத்து, ஒருமுறை தலையணை. மடிக்கணினியின் மேல்மூடியில் ஒட்டுவில்லைகள். சின்ன வயதில் என் பென்சில் பெட்டியில் இவ்வளவு ஒட்டியிருந்தால் அம்மா சுரண்டச் சொல்லியிருப்பார். எங்கள் மேனேஜருக்கு அவரை மிகவும் பிடிக்கும். மேனேஜருக்குப் புரியாத வார்த்தைகளைச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் மேனேஜருக்குப் பிடிக்கும்.

அவர் கொண்டுவந்த மென்பொருளைக் குறைசொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். அலுவலகக் கோப்புகளை எல்லாம் ஒரு களஞ்சியமாக வைத்துக்கொண்டு, எந்தக் கோப்பில் என்ன மாறியது, மாறுவதற்கு முன் என்ன இருந்தது என்று படிப்படியாகச் சேமிக்கும். அதன் பிரதி தலைமையகத்திலும் இருக்கும். இருபத்தாறு வருடமாக நான் கையால் செய்ய முயன்றதை அது பிசகாமல் செய்கிறது. அப்படி ஒரு பொருளை அதைச் செய்தவர்களின் கையிலிருந்து வாங்கி, அதை வைத்திருக்கத் தகுதியில்லாத ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் என் புகார்.

அந்த மென்பொருளுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். இந்த மாதிரிப் பெயருள்ள கோப்புகளை நீ கண்டுகொள்ள வேண்டாம், சேமிக்காதே என்று சொல்லும் புறக்கணிப்புப் பட்டியல். கணினிக்காரர் ஒருநாள் ட்ரோன் பறக்கவிட்டு எல்லா லைன்களையும் மேலேயிருந்து படமெடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "அழகா இருக்கும்லா அங்கிள்" என்றார். அந்தப் படங்களைக் களஞ்சியத்தின் வாசலிலேயே line1, line2 என்று கோப்புறை கோப்புறையாகக் கொட்டினார். ஒவ்வொன்றும் அவ்வளவு கனம். எங்கள் மலையில் இணையம் மூடுபனியோடு வந்து மூடுபனியோடு போகிறது. படங்கள் தலைமையகத்துக்கு ஏறவில்லை. அதனால் பட்டியலைத் திறந்து line* என்று எழுதினார். லைன் என்று ஆரம்பித்து அதற்குப் பின் எது வந்தாலும் விட்டுவிடு என்று அர்த்தம்.

முன்னால் ஒரு சாய்கோடு போட்டிருக்க வேண்டும். சாய்கோடு இருந்தால் வாசலில் இருப்பதை மட்டும் விடும். இல்லாவிட்டால் உள்ளே எத்தனை அறை தாண்டி, எந்த மூலையில், எந்தக் கோப்புக்கோ கோப்புறைக்கோ அந்தப் பெயர் இருந்தாலும் விட்டுவிடும். இது எஸ்டேட். இங்கே மனிதர்கள் குடியிருப்பது லைனில். தண்ணீர்த் தொட்டி லைனுக்கு, விளக்கு லைனுக்கு, கொசு மருந்து லைனுக்கு. நாங்கள் பெயர் வைத்தால் வேறு எப்படி வைப்போம்? நகரத்துக்காரன் இதைத் தவறவிட்டிருந்தால் மன்னித்திருப்பேன். இவர் பிறந்தது ரிங்லெட் பக்கம் ஒரு லைனில். அதை அவர் சொல்லிக்கொள்வதில்லை. எனக்குத் தெரியும், சம்பளப் பதிவேட்டில் அவர் அப்பாவின் செக்ரோல் எண்கூடத் தெரியும்.

முதலில் காணாமல் போனது தண்ணீர்த் தொட்டிப் பட்டியல். கோப்பின் பெயர் line-tangki. என் கணினியில் இருந்தது, மேனேஜர் கணினியில் இல்லை. கணினிக்காரர் வந்து பட்டியலின் அடியில் ஒரு விலக்கு எழுதினார். ஆச்சரியக்குறி போட்டுப் பெயரை எழுதினால், இதை மட்டும் விடாதே என்று அர்த்தமாம். தொட்டிப் பட்டியல் மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்தது. நான் உடனே கேட்டேன்.

"அப்ப என் சரிவுப் படங்க? அதுவும் line4ங்கற கோப்புறைக்குள்ளதான் இருக்கு."

"எங்க அங்கிள்?"

"cerun கோப்புறைக்குள்ள."

"ஓ, சரிவு மலாய்லயா? இருங்க." ஒரு வரி தட்டினார். "போட்டாச்சி. இப்ப பாருங்க, பச்சை டிக். எல்லாம் கிளீன்."

நான் குனிந்து பார்த்தேன். !cerun/line4/*.jpg என்று பட்டியலின் கடைசி வரியில் இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. திரையின் மூலையில் பச்சை டிக் இருந்தது. அன்றைய குறிப்பில் "சரிவுப் படங்கள் சரிசெய்யப்பட்டன" என்று எழுதினேன். அந்த வாக்கியம் இன்னும் என் நாட்குறிப்பில் இருக்கிறது, அடிக்காமல் விட்டிருக்கிறேன். இரண்டு தடவை அளக்காமல் ஓர் எண்ணையும் எழுதாத நான், ஒரு பச்சை டிக்கைப் பார்த்து ஒரு வாக்கியம் எழுதினேன். இந்த விஷயத்தில் யாரையாவது இளக்காரமாகப் பேசும்போது அந்தப் பக்கத்தை நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் பேசத்தான் செய்கிறேன்.

அடுத்த மாதம் எனக்குப் புதுக் கணினி வந்தது. பழையதைக் கணினிக்காரர் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துக் கழுவி எஸ்டேட் பாலர் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். எல்லாம் களஞ்சியத்தில் இருக்கிறதே. புதியதில் களஞ்சியத்தை இறக்கினார். கேமராவின் அட்டையை நான் ஒவ்வொரு திங்களும் படங்களை ஏற்றியவுடன் காலி செய்துவிடுவேன். ஒழுங்கு. அதற்கப்புறம் எடுத்த படங்களைப் புதுக் கணினியில் வேறொரு கோப்புறையில் சேர்த்தேன், பச்சை டிக் அப்போதும் இருந்தது. ஐந்து வாரப் படங்கள். பழைய படங்களைத் திறக்கும் தேவை எனக்கு வரவில்லை.

வந்தது. விடாமல் ஒன்பது நாள் மழை. பத்தாம் நாள் காலை கங்காணியம்மா அலுவலகப் படியேறி வந்தார். நாலாம் லைனில் மூன்றாவது கதவு. கொழுந்து எடுக்கும் பதினெட்டுப் பேருக்குக் கங்காணி. குரல் அவருடைய பிரம்பு. தலையில் பிளாஸ்டிக் உறையோடு வாசலில் நின்றே சொன்னார்.

"கிராணி ஐயா, நேத்து வரைக்கும் வெளியில இருந்திச்சி. இப்ப குசினிக்குள்ள வந்திடுச்சி."

"எது?"

"எதுன்னா? உங்க வெடிப்புதான். வாரா வாரம் வந்து கோல வச்சி குசலம் விசாரிச்சிட்டுப் போறீங்களே, அதான் வீட்டுக்கே வந்திடுச்சி."

போய்ப் பார்த்தேன். சமையலறைச் சிமெண்டுத் தரையில் அடுப்புக்குக் கீழிருந்து சுவர் வரைக்கும் புதுக் கீறல். என் முளைகளில் நடு ஜோடி நானூற்று நாற்பத்தெட்டு. ஒன்பது நாளில் பதினேழு மில்லிமீட்டர். கங்காணியம்மாவின் தங்கை, லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் சேற்றோடு வந்தபோது வீட்டை இழந்தவர். அதைப் பற்றி அவர் அன்று பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆறு கதவையும் மாத்தணும் ஐயா. அடுத்த மழைக்கு முன்னால" என்றார். மாற்றலாம் என்றேன். படிவமும் படங்களும் தயாராக இருக்கின்றன என்று சொன்னேன். அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

அலுவலகத்துக்கு வந்து cerun கோப்புறையைத் திறந்தேன். அளவுகளை எழுதிய அட்டவணை இருந்தது. line4 இல்லை.

கணினிக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அங்கிள், ரிலாக்ஸ்லா. கிளவுட்ல இருக்கும்."

"கிளவுட்ல எங்க?"

"அதான், கிளவுட்லதான்."

இங்கே மேகம் தினமும் ஜன்னல் வழியாக மேசைக்கே வருகிறது. அதற்குள் வைத்த ஒரு பொருளைத் திரும்ப எடுத்த எவரையும் நான் கண்டதில்லை.

"விலக்கு எழுதினீங்க. நான் பார்த்தேன்."

"எழுதினேன்தானே? அப்ப என் பக்கம் கிளீன். நீங்க எங்கயாச்சும் டிலீட் பண்ணியிருப்பீங்க அங்கிள். வயசாச்சின்னா எல்லாருக்கும் நடக்கும், பெரிசா எடுத்துக்காதீங்க."

அன்று மாலையும் மறுநாள் மாலையும் உட்கார்ந்து அந்த மென்பொருளின் கையேட்டில் புறக்கணிப்புப் பட்டியல் பற்றிய பகுதியை முழுதாகப் படித்தேன். நீளமில்லை. அச்சடித்தால் நான்கு பக்கம். இதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு நான்கு பக்கம் படிக்க நேரமில்லாமல் போயிருக்கிறது, ஸ்ட்ராபெரி தலையணை வாங்க நேரம் இருந்திருக்கிறது. கையேட்டில் ஒரு வாக்கியம் பட்டென்று கண்ணில் அடித்தது. ஒரு கோப்புறையே புறக்கணிப்பில் அகப்பட்டுவிட்டால், அதற்குள் இருக்கும் கோப்பை எந்த விலக்காலும் மீட்க முடியாது. மென்பொருள் அந்தக் கோப்புறைக்குள் எட்டியே பார்க்காது. உள்ளே இருப்பவருக்கு நீங்கள் எழுதிய விலக்குச் சீட்டைத் தெருமுனையிலேயே கிழித்துப் போட்டதுபோல.

தொட்டிப் பட்டியல் தப்பியதற்கும் காரணம் அங்கேயே இருந்தது. அது இருந்த கோப்புறையின் பெயர் air, மலாயில் தண்ணீர், அது அந்த நட்சத்திர வரியில் அகப்படவில்லை. கோப்பின் பெயர் மட்டுமே அகப்பட்டது, அதனால் விலக்கு செல்லுபடியானது. என் படங்களுக்கோ கோப்புறையே line4. ஒன்றில் பலித்ததை மற்றதில் எழுதிவிட்டு, பலித்ததா என்று பார்க்காமல் எழுந்து போயிருக்கிறார். அந்தப் பச்சை டிக்கின் பொருளையும் புரிந்துகொண்டேன். சேமிக்கச் சொன்னவை எல்லாம் சேமிக்கப்பட்டன என்பதுதான் அதன் பொருள். விடச் சொன்னதை அது ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுவிடும்.

ஒரு பரிசோதனைக் களஞ்சியம் உண்டாக்கி, வெற்றுக் கோப்புகளை வைத்து, ஒவ்வொரு விதியாகச் சரிபார்த்தேன். சாய்கோட்டோடு, சாய்கோடில்லாமல், கோப்புறைக்கு முதலில் விலக்குக் கொடுத்து, கொடுக்காமல். பதினாறு சோதனை. ஒரு கோப்பை எந்தப் பட்டியலின் எத்தனையாவது வரி புறக்கணித்தது என்று கேட்டால் பதில் சொல்லும் கட்டளையும் அந்த மென்பொருளில் உண்டு. அதை அச்சடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை தலைமையகத்திலிருந்து பொறியாளர் வந்தார். மலாய்க்காரர், அதிகம் பேசாதவர், சேற்றுக்கான பூட்ஸ் போட்டு வந்திருந்தார். அதனாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. மேனேஜர் தன் அறையில் கூட்டம் போட்டார். கணினிக்காரரும் அழைக்கப்பட்டிருந்தார். லைன்காரர்கள் சார்பில் கங்காணியம்மா, மேனேஜர் நாற்காலி காட்டாததால், கதவோரம் நின்றார்.

பொறியாளர் படப் பதிவு கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். "பழைய படங்கள் அழிந்துவிட்டன, ஐந்து வாரப் படங்களே மிச்சம். அளவுகள் இருக்கின்றன" என்று சொல்லி அட்டவணையை நீட்டினேன்.

மேனேஜர் அதை விரல் நுனியால் தள்ளினார். "நம்பர் யாரு வேணும்னாலும் எழுதலாம் கிராணி. ஃபார்ம்ல படம் கேக்குது."

"இருபத்தாறு வருஷமா நான் எழுதின நம்பர்லதான் நீங்க கையெழுத்து போடறீங்க."

"அது வேற."

கணினிக்காரர் முந்திக்கொண்டார். "சிஸ்டம் ஓகே சார். யூசர் சைட்ல ஏதோ மிஸ்டேக்."

அப்போது நான் அச்சடித்த தாள்களை மேசையில் வரிசையாக வைத்தேன். மூன்றாவது வரியைக் காட்டினேன். என் படம் ஒன்றின் முழுப் பாதையையும், அதைப் புறக்கணித்தது அந்த மூன்றாவது வரிதான் என்று மென்பொருளே கொடுத்த பதிலையும் காட்டினேன். பதினோராவது வரியில் எழுதிய விலக்கு ஏன் செத்த விலக்கு என்று கையேட்டின் வாக்கியத்தை வாசித்துக் காட்டினேன். ஒரு சாய்கோடு இருந்திருந்தால் போதும் என்றேன். எழுதியவர் பெயர், நாள், நேரம் எல்லாம் தாளில் இருந்தன. மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது.

கணினிக்காரர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. "எட்ஜ் கேஸ் அங்கிள்" என்றார் கடைசியில், மெதுவாக, எப்போதோ நேரும் விதிவிலக்கு என்ற பொருளில்.

அந்தப் பன்னிரண்டு நிமிடம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நன்றாகவே இனித்தது.

கதவோரத்திலிருந்து கங்காணியம்மா கேட்டார். "ஐயா, முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"யாரு தப்புன்னு நல்லா கண்டுபிடிச்சிட்டீங்க. கோடு போட்டிருக்கணும், போடல. சரி. இப்ப நாங்க எங்க படுக்கறது?"

என் தாள்களில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

அவர் கணினிக்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க மிஷினுக்கு லைனுன்னு பேரு இருந்தா கண்ணு தெரியாதாமே? நல்ல மிஷினுப்பா. நம்ம ஆபிசுக்கு ஏத்தது."

பொறியாளருக்குத் தமிழ் தெரியாது. தொனி தெரிந்திருக்க வேண்டும். எழுந்து பூட்ஸோடு வெளியே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். மேனேஜர் குடை தேடிக்கொண்டிருந்தார். கங்காணியம்மாவின் சமையலறையில் பொறியாளர் மண்டியிட்டு, கீறலுக்குள் தன் பேனாவை விட்டுப் பார்த்தார். பேனா முழுதும் இறங்கியது. என் முளைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். பிறகு என் எஃகு அளவுகோலைக் கேட்டு வாங்கி, நடு ஜோடியை அவரே அளந்தார். நானூற்று நாற்பத்தொன்பது. என் அட்டவணையின் கடைசி எண்ணைப் பார்த்தார். அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் எழுதிய குறிப்பு மறுநாள் வந்தது. ஆறு கதவையும் தற்காலிகமாகக் காலி செய்யப் பரிந்துரைக்கிறேன், முறையான படப் பதிவு சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்று இரண்டு வாக்கியம். மேனேஜர் இரண்டாவது வாக்கியத்தின் கீழ்க் கோடு போட்டார்.

"பதிவு வரட்டும், அப்புறம் பாப்போம்."

"பதிவு வர இன்னும் அஞ்சு மாசம் ஆகும். மழை அதுக்கு முன்னால வரும்."

"நான் என்ன செய்ய? படத்தத் தொலைச்சது நானா?"

இவரைத் தொழிலாளிகள் இன்னும் துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழைய துரைமார்கள் கொடுமைக்காரர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் ஒரு வாக்கியத்தின் கீழ்க் கோடு போட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு அவர்கள் சோம்பேறிகளாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கங்காணியம்மா யாரையும் கேட்காமல் மாறினார். கீழ்ப் பண்ணைக்காரர் ஒருவரின் காய்கறி லோரி. கோஸ் கூடைகளுக்குப் பதிலாகக் கட்டில், அடுப்பு, சாமிப் படம். நேப்பாளத்து ஆட்கள் நால்வரும்தான் முக்கால்வாசி சுமையைத் தூக்கினார்கள். பத்து மணிக்கெல்லாம் ஆறு கதவும் எஸ்டேட் மண்டபத்துக்குள் இருந்தன. மண்டபம் தீபாவளிக்கும் பூப்பந்துக்கும் திறப்பது. மற்ற நாளில் பூட்டு. பூட்டை எப்படித் திறந்தீர்கள் என்று கேட்டேன்.

"கொஞ்சம் தட்டினோம், திறந்துக்கிச்சி. அதுக்கும் நட்சத்திரம் போட்டு வச்சிருப்பாங்க போல."

பெண்கள் சிரித்தார்கள். பூப்பந்து வலையில் சேலையைக் கட்டி அறை பிரித்திருந்தார்கள். மேடையில் மூன்று அடுப்பு.

திங்கட்கிழமை மேனேஜர் கத்தினார். அவருடைய அனுமதி இல்லாமல் மண்டபத்தில் குடியேறியதற்கு ஆறு எச்சரிக்கைக் கடிதம், கதவுக்கு ஒன்றாக, மாலைக்குள் தன் மேசையில் இருக்க வேண்டும். ஏழு நாளில் திரும்பிப் போகாவிட்டால் நடவடிக்கை. "ஸ்ட்ராங்கா எழுதுங்க கிராணி. உங்க தமிழ்ல எழுதினா அவங்களுக்குப் புரியாது, மலாய்லயும் எழுதுங்க."

எச்சரிக்கைக் கடிதத்துக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அதைத் திறந்தேன். முதல் வரி வரைக்கும் அடித்தேன். அதற்கு மேல் கை போகவில்லை என்று எழுதினால் நான் நல்லவன் என்று ஆகிவிடும். உண்மை வேறு. எச்சரிக்கைக் கடிதத்தில் "முகவரி" என்றொரு கட்டம் உண்டு. நாலாம் லைன், மூன்றாவது கதவு என்று அடித்தேன். அது தவறான தகவல். அவர் அங்கே இல்லை. தவறு என்று தெரிந்தே ஒரு கட்டத்தை நிரப்புவது என் வழக்கமில்லை. குடியிருப்புப் பதிவேட்டை முதலில் திருத்திவிட்டுத்தான் கடிதம் எழுத முடியும். பதிவேட்டைத் திருத்த இடமாற்ற உத்தரவு வேண்டும். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. அதில் காரணம் என்ற கட்டம், அதிகாரி பரிந்துரை என்ற கட்டம், மேனேஜர் கையெழுத்து என்ற கட்டம். படப் பதிவு கேட்கும் கட்டம் அதில் இல்லை. அது தலைமையகம் செலவு தருவதற்கான படிவத்தில் மட்டும்தான். பூப்பந்து வலைக்குத் தலைமையகத்தின் செலவு தேவையில்லை.

இது எனக்கு ஆரம்பத்திலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் சாய்கோட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு இடமாற்ற உத்தரவு அடித்தேன். தலைப்பு "குடியிருப்பு இடமாற்ற உத்தரவு" என்று தமிழிலும் மலாயிலும், தடித்த எழுத்தில், கோடிட்டு. காரணம்: தரை வெடிப்பு, நடு அளவு நானூற்று நாற்பத்தொன்பது. பரிந்துரை: பொறியாளரின் முதல் வாக்கியம், சொல்லுக்குச் சொல். புது இடம்: எஸ்டேட் மண்டபம். நான் எதையும் மறைக்கவில்லை, எழுத்தைச் சிறிதாக்கவில்லை, தாளை மடிக்கவில்லை.

நாலரை மணிக்கு உள்ளே கொண்டுபோனேன். மேனேஜர் தொலைபேசியில் இருந்தார். கணினிக்காரரோடுதான், அடுத்த ட்ரோன் எப்போது என்று. கண்ணால் "என்ன" என்றார்.

"ஆறு கதவுக்கும்" என்றேன்.

"ஸ்ட்ராங்கா?"

"படிச்சிப் பாருங்க சார்."

அவர் படிக்கவில்லை. காதில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு ஆறு தாளிலும் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு தாளாக நான் நகர்த்தினேன், ஒவ்வொரு தாளிலும் தலைப்பு அவர் மூக்குக்குக் கீழே இருந்தது. ஆறாவதில் பேனா தீர்ந்து என் பேனாவை வாங்கினார்.

முத்திரை வைத்தேன். பதிவேட்டில் ஆறு வரி. ஒரு பிரதியைத் தலைமையகத்துக்கு அனுப்பினேன், ஒன்றைப் பொறியாளருக்கு. அனுப்பிய பிறகு அவை போய்ச் சேர்ந்தனவா என்று இரண்டு தடவை பார்த்தேன். இம்முறை டிக்கைப் பார்க்கவில்லை, அங்கே தாள்களைப் பெற்றவரிடமே தொலைபேசியில் கேட்டேன்.

ஐந்தரைக்கு மண்டபத்துக்குப் போய்க் கங்காணியம்மாவிடம் அவருடைய தாளைக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"துரை போட்டதா?"

"துரைதான் போட்டார்."

"படிச்சிட்டா?"

"படிக்கச் சொன்னேன்."

அவர் தாளை மடித்துக்கொண்டார். பிறகு வலைக்கு அந்தப் பக்கம் திரும்பி, "ஏய், கட்டில இன்னும் உள்ள தள்ளிப் போடுங்கடி. இது இப்ப நம்ம வீடு" என்று சத்தம் போட்டார்.